முகப்பு வழியே வந்து பார்த்த உமையாள் ஆச்சி

சிங்கம்புணரி பேருந்து நிலையத்தில் இறங்கி டயாலிசிஸ் மையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சொக்கலிங்கம் அண்ணன் அழைத்தார். உமையாள் ஆச்சியின் கணவர். எதையும் சுற்றி வளைத்துச் சொல்கிற மனிதர். வெயில், பஸ், வயிற்றுக் கோளாறு எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அன்று எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, உமையா போயிட்டாப்பா" என்றார். மதுரை ஆஸ்பத்திரியில், விடிந்து சற்று நேரத்தில். "சரிண்ணே" என்றேன். சாவுச் செய்திக்குச் சரி என்று பதில் சொன்ன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆச்சி கேட்டிருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கண்டனூரில் பிறந்து, சென்னையில் பெரிய கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்த்துவிட்டு, ஒரு நாள் அதெல்லாம் போதும் என்று காரைக்குடிக்குத் திரும்பியவர். நானும் அவரும் சேர்ந்து இங்கே ஒரு சின்ன நிறுவனம் நடத்தினோம். ஓட்டலாக மாறிய பெரிய வீடுகள், ஆத்தங்குடிக் கல் பட்டறைகள், சிங்கம்புணரிப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்துகிற அந்த டயாலிசிஸ் மையம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். வேலை செய்வதும் திட்டுவதும் அவர் பொறுப்பு. வாடிக்கையாளரிடம் பேசுவதும் திட்டு வாங்குவதும் என் பொறுப்பு. வயதில் நான்தான் மூத்தவன். ஆனாலும் நகரத்தார் வீட்டுப் பெண்ணை இந்தப் பக்கம் வேறு எப்படிக் கூப்பிடுவது? நான் அவரை ஆச்சி என்றேன், அவர் என்னை அண்ணே என்றார். புதிதாக வருகிறவர்கள் யார் மூத்தவர் என்று தெரியாமல் முழிப்பார்கள். நாங்களும் சொல்ல மாட்டோம்.

டயாலிசிஸ் மையத்தின் வேலையை எடுத்தபோது அறக்கட்டளையின் செயலாளர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, எதையும் புரியாமல் விடமாட்டார். ஒரே சர்வருக்குள் எதற்கு ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனிக் கன்டெய்னர், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் என்ன என்று கேட்டார். ஆச்சி அசரவில்லை. "எங்க வீடுகள்ல மகனுக்குக் கல்யாணம் ஆனா வேற வச்சிருவோம். வீடு ஒண்ணுதான், முகப்பு ஒண்ணுதான். அடுப்பு மட்டும் தனித்தனி. ஒருத்தி அடுப்புல பால் பொங்கி வழிஞ்சா அடுத்தவ சோறு தீயாது. கன்டெய்னர்ங்கிறது அம்புட்டுத்தான்" என்றார். அந்த அடுப்புகளை எல்லாம் சுற்றிப் பார்த்து, அணைந்ததைப் பற்றவைத்து, பொங்குவதை இறக்கிவைக்க ஒரு மேலாண்மை சர்வர். வெளியிலிருந்து வருகிறவர்கள் நேராக உள்ளே நுழைந்துவிடாமல் முகப்பில் நின்று வாங்கி உள்ளே அனுப்ப ஒரு ப்ராக்ஸி. செயலாளர் தலையாட்டினார். அவரும் பங்காளிகள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்.

சும்மா சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் ஆச்சிக்குப் பொறுக்காது. ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்காரரின் கம்ப்யூட்டரில், இன்டர்நெட்டில் பாதுகாப்பான பக்கம் எதைத் திறந்தாலும், அதன் அடையாளச் சான்றான சர்டிபிகேட் செல்லாது என்று வந்தது. நாங்கள் கிளம்புவதற்குள், தானாகவே சரியாகிவிட்டது, வரவேண்டாம் என்று போன் செய்துவிட்டார். எனக்கு நிம்மதி. ஆச்சி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "தானாச் சரியானது தானாக் கெடும். காரணம் தெரியாம நான் ஒறங்க மாட்டேன்." போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற வட்டப் பேட்டரி செத்துப் போயிருந்தது. ஒவ்வொரு முறை கரண்டு போய் வரும்போதும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். அந்த நேரத்தில் எந்தச் சர்டிபிகேட்டைப் பார்த்தாலும் இதற்கு இன்னும் நாள் வரவில்லையே என்று கம்ப்யூட்டர் மறுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் இன்டர்நெட்டிலிருந்து சரியான மணியை வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிடும். ஒரு பேட்டரிக்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று பட்டறைக்காரர் சங்கடப்பட்டார். ஆச்சி அவர் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

ஆனால் அவர் யார் என்று எனக்கு முழுசாகப் புரிந்தது டயாலிசிஸ் மையத்தில் நடந்த ஒரு விஷயத்தில்தான்.

சர்வர் மையத்திலேயே இருந்தது. காரைக்குடி அலுவலகத்திலிருந்து அதற்கு நேரடியாகப் போக எங்களுக்கென்று ஒரு தனி வழி வைத்திருந்தோம். அது பாதுகாப்பில்லை, எல்லோரும் பூட்டுப் போட்ட ஒரே வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று அறக்கட்டளை கேட்டுக்கொண்டது. எஸ்.எஸ்.எல். சர்டிபிகேட்டோடு ப்ராக்ஸியை முன்னால் நிறுத்தினோம். தனி வழியை மூடினோம். மறுநாள் காலையிலேயே, எந்த நோயாளிக்கு எந்த மெஷின், எவ்வளவு நீர் எடுக்கவேண்டும் என்று காட்டுகிற நிரலின் புதிய பதிப்பு கோளாறு செய்தது. பெயர்கள் தெரிந்தன, நீர் எடுத்து முடிந்ததும் ஒவ்வொருவரும் இருக்கவேண்டிய எடை மட்டும் எல்லோருக்கும் வெற்றிடமாக இருந்தது. பழைய பதிப்புக்குத் திருப்பிவிட்டால் போதும், ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. புதிய வாசல் வழியாக மேலாண்மை சர்வருக்குள் போனோம். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. கன்டெய்னர்கள் வரிசையாகத் தெரிந்தன. பொத்தானை அழுத்தினால் மட்டும், நீ வந்த இடம் செல்லாது என்கிற பொருளில் ஒரு வரி. எத்தனை தரம் அழுத்தினாலும் அதே வரி. பார்க்கலாம், தொட முடியாது.

நான் இன்னொரு தரம் அழுத்தச் சொன்னேன். ஆச்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு மையத்தின் பொறுப்பு நர்ஸ் சகாயமேரியைப் போனில் கூப்பிட்டார். எப்போது சரியாகும் என்று சகாயமேரி கேட்பதற்கு முன்பே இவர் கேட்டார்: "நீக எம்புட்டு நேரம் தாங்குவீக?" காலை செட்டு உட்கார்ந்துவிட்டார்கள், அவர்களைக் கேட்டு எடையைக் கையால் எழுதி வைத்துக்கொண்டேன், மத்தியான செட்டுக்கு இது வேண்டும், அவர்களில் பாதிப் பேருக்கு அந்த எடை தெரியாது என்று சகாயமேரி சொன்னார். தப்பான கணக்கில் நீர் எடுத்தால் நாற்காலியிலேயே மயங்கி விழுவார்கள். ஆச்சி போனை வைத்துவிட்டு, "அப்ப மத்தியானம் வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு" என்றார். அதே செய்தியை நான் கேட்டிருந்தால் மத்தியானம் வரைதான் நேரம் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

காரை எடுத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் நான் ஏதேதோ யோசனை சொல்லிக்கொண்டு வந்தேன். வைரஸாக இருக்கலாம், கடவுச்சொல் போயிருக்கலாம் என்று. ஆச்சி ரோட்டைப் பார்த்தபடியே, "அண்ணே, என்ன நினைக்கிறீகன்னு கேக்கல. என்ன பாத்தீகன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நினைப்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்ததை மட்டும் சொன்னால் நாலு வாக்கியம்தான் தேறியது.

மையத்தில் சர்வரின் முன்னாலேயே உட்கார்ந்து, ப்ராக்ஸியைத் தொடாமல் நேராக உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார். உடனே கேட்டது. பழைய பதிப்பு வந்தது, எடைகள் வந்தன. சகாயமேரி சிலுவை போட்டுக்கொண்டு வார்டுக்கு ஓடினார். செயலாளர் முகம் தெளிந்து, அதுதான் சரியாகிவிட்டதே, காப்பி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்றார். நானும் எழுந்துவிட்டேன். ஆச்சி எழவில்லை. "இன்னைக்கு வண்டி கெடைச்சுச்சு, வந்தோம். என்னைக்காவது வர நேரமில்லாமப் போச்சுன்னா?" என்று கேட்டார். நானும் செயலாளரும் உட்கார்ந்துகொண்டோம்.

பிறகு அவர் செய்ததுதான் பிற்காலத்தில் எல்லோரும் கேலி செய்த பழக்கமானது. செல்போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அதில் மையத்தின் வைஃபையை அணைத்துவிட்டு, ஊர் பேர் தெரியாத ஓர் ஆள் வருகிற மாதிரி, வெளியிலிருந்து முன்வாசல் வழியாக நுழைந்து பார்த்தார். தொட முடியவில்லை. உள்ளே வந்து நேராகப் போனார், தொட முடிந்தது. ஒரே சர்வர், இரண்டு வழி, இரண்டு பதில். அப்படியானால் கோளாறு உள்ளே இல்லை, முகப்பில்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமே என்று செயலாளர் சொன்னார். ஆச்சி, ப்ராக்ஸி உள்ளே என்ன சொல்லி அனுப்புகிறது என்பதை வரி வரியாகப் படித்தார்.

படித்து முடித்துவிட்டுச் சிரித்தார். கல்யாண வீட்டில் முகப்பில் ஒருத்தர் நிற்பார் அல்லவா, வருகிறவர்களை எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்து உள்ளே சொல்வதற்கு? எங்கள் ப்ராக்ஸி அதைச் செய்யவில்லை. வந்தவரின் பூட்டை வாசலிலேயே கழற்றி வைத்துக்கொண்டு, அவர் எந்தப் பெயரைக் கேட்டு வந்தார், பூட்டுப் போட்ட வழியாகத்தான் வந்தாரா என்று ஒரு வார்த்தை சொல்லாமல், தன் முகவரியை மட்டும் சொல்லி உள்ளே தள்ளிவிட்டது. வந்தவர் சொல்கிற முகவரி ஒன்று, வாசல்காரர் சொல்கிற முகவரி வேறொன்று. மேலாண்மை சர்வர் சந்தேகப்பட்டு, உட்காரலாம், எதையும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அது சந்தேகப்பட்டது நியாயம்தான் என்றார் ஆச்சி.

கேட்டு வந்த பெயரை உள்ளே சொல்லும்படி ப்ராக்ஸியில் ஒரு வரி சேர்த்தார். தெருவில் இறங்கிப் பார்த்தார், கேட்கவில்லை. வந்த வழியைச் சொல்லும்படி இன்னொரு வரி சேர்த்தார். மறுபடி தெரு. பொத்தான் கேட்டது. நான் கும்பிடப் போனேன். அதற்குள் அவர் முதலில் சேர்த்த வரியை எடுத்துவிட்டார். மறுபடி கெட்டது. வேலை செய்வதை எதற்குக் கெடுக்கிறீர்கள் என்று நான் குரலை உயர்த்திவிட்டேன். இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா என்று தெரிய வேண்டாமா என்று கேட்டுவிட்டு வரியைத் திரும்பச் சேர்த்தார். எதிர் டீக்கடைக்காரர் அந்த அம்மாவுக்கு சிக்னல் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, எங்கள் கடை வாசலில் நன்றாகக் கிடைக்கும், வாருங்கள் என்று கூப்பிட்டார்.

யாருடைய தவறு என்று அறக்கட்டளைக் கூட்டத்தில் கேட்டார்கள். நான் சொல்வதற்குப் பூசி மெழுகின ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். ஆச்சி எழுந்தார். "தப்பு என்னோடது. எங்க கண்டனூர் வீட்டுல முகப்பைக் கல்யாணத்துக்குத்தான் தெறப்போம். நாங்க பொழங்குறது பின்தெரு வாசல் வழியா. அந்தப் புத்தி இங்கயும் வந்துருச்சு. புதுசா ஒரு முன்வாசல் வச்சுப்புட்டு நான் பின்வாசலை மூடுற வரைக்கும் அது வழியாவே போய்ப் போய்ப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்." கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டிலும் அதே கதைதான். அவர்கள் சிரித்துவிட்டார்கள். செயலாளரும் சிரித்தார். ஆச்சி சிரிக்கவில்லை. இனிமேல் எங்கள் அலுவலகத்தில் யாரும் முகப்பு வழியே வந்து பார்க்காமல் எதையும் முடிந்தது என்று சொல்லக்கூடாது என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். அப்போதிலிருந்து காரைக்குடியில், நல்ல வெயிலில், தெருவில் நின்று செல்போனை முறைத்துக்கொண்டிருக்கிற ஆச்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தன் பிழையைச் சபையில் சொன்ன ஆட்களை நான் அதற்கு முன்னால் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு அவர் மேல் பெருமையாக இருந்தது.

சென்ற வருஷம் சித்திரையில், ஒரு மத்தியானம், மாதக் கட்டணத்தைப் பற்றிப் பேசுகிற குரலில் தன் நோயைச் சொன்னார். புற்று. ஈரலுக்குப் போய்விட்டது. நான் என்ன கேட்டேன் என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நீங்கள் இல்லாமல் மையத்தை எப்படி நடத்துவது என்று கேட்டேன். ஆச்சிக்கு அது சரியான கேள்வியாகத் தோன்றியிருக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யத்தான் போகிறேன் என்றார்.

அவர் செய்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவே இல்லை. அலுவலகத்தில் மையத்தில் உள்ளதைப் போலவே ஒரு சர்வரை அமைத்தார். அதில் வேண்டுமென்றே எதையாவது கெடுத்துவைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் வாடிக்கையாளரிடம் பேசிப் பிழைக்கிற ஆள். இந்த வேலை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் திணறும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் போட்ட கந்தரப்பத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார். குறிப்பு மட்டும் தரமாட்டார். ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீக போறதுக்கு என்னைய ஒத்திகை பாக்கச் சொல்றீகளா, ஆச்சி?"

"ஆமாண்ணே. வேற எதுக்கு?" என்றார். பிறகு, "அந்த நாற்காலியில உக்காந்திருக்கவுகளுக்கு ரத்தம் சுத்தமாகணும். நான் இருக்கனா இல்லையான்னு அது பாக்காதுல்ல" என்றார்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து மிச்ச வேலையைப் பார்த்தேன்.

ஆடி கழிந்ததும் அவர் அலுவலகம் வருவது குறைந்தது. மையத்தில் சின்னச் சின்னக் கோளாறுகள் வந்தன. நானே பார்த்தேன். தைரியமாகத்தான் பார்த்தேன். வீட்டில் படுத்திருந்தாலும் ஆச்சி தன் போனில் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார், நான் ஏதாவது தப்பு செய்தால் அவர் உள்ளே வந்து திருத்திவிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு.

கார்த்திகையில் அவரை மதுரையில் சேர்த்திருந்தார்கள். ஒரு காலையில் சகாயமேரி அழைத்தார். வார்டில் இருக்கிற டேப்லெட்டில், இது பாதுகாப்பான இடம் இல்லை என்று வருகிறது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை, அடுத்த செட்டு வெளியே காத்திருக்கிறார்கள் என்றார். பார்த்தேன். சர்டிபிகேட் காலாவதி என்றது வாசல். அலுவலகத்திலிருந்தே, அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனேன். சர்டிபிகேட்டைப் புதுப்பித்தாகிவிட்டது என்றது உள்ளே இருந்த பதிவு. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? ப்ராக்ஸியை நிறுத்தித் திரும்பத் தொடங்கலாம். ஆனால் நான் உள்ளே நுழைந்திருப்பதே அந்த ப்ராக்ஸி வழியாகத்தான். அது திரும்ப எழவில்லை என்றால் நானும் வெளியே, எல்லோரும் வெளியே. யோசிக்காமல் ஆச்சிக்குப் போன் செய்தேன்.

குரல் மெலிந்திருந்தது. விஷயத்தைச் சொல்லி, நீங்கள் உள்ளே வந்து ஒரே ஒரு பார்வை பாருங்கள் என்றேன். "வர முடியாதுண்ணே" என்றார். படுத்தபடியே, போனிலேயே பார்த்தால் போதும் என்று கெஞ்சினேன்.

"ஒடம்பைச் சொல்லலண்ணே. அங்க என் பேரே இல்ல. நானே எடுத்துட்டேன்."

"எப்ப?"

"ஆடியில."

ஆடியிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. அத்தனை நாளும் நான் தனியாகத்தான் பார்த்திருக்கிறேன். என்ன ஆச்சி இப்படிப் பண்ணிட்டீக என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது.

"நான் போனை வைக்கல. நீக வேலையைப் பாருங்க" என்றார்.

போனை மேசையில் வைத்தேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் ஒரு தள்ளுவண்டி போகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், அவருடைய மூச்சு. நான் பார்த்ததை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். புதிய சர்டிபிகேட் கோப்பில் இருக்கிறது. வாசலில் பழையது தெரிகிறது. ப்ராக்ஸி அந்தக் கோப்பை எப்போது படிக்கும்? தொடங்கும்போது. அது தொடங்கிப் பல மாதம் ஆகிறது. அன்று படித்ததையே இன்னமும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. நிறுத்தத் தேவையில்லை. திரும்பப் படிக்கச் சொன்னால் போதும். முதலில் அதன் அமைப்பில் பிழை இல்லை என்று சோதித்தேன். பிறகு கோப்பை மறுபடி படிக்கும்படி கட்டளை கொடுத்தேன். தெருவில் இறங்கி, செல்போனில், வெளியாள் மாதிரி வந்து பார்த்தேன். பக்கம் திறந்தது.

ஓடிவந்து போனை எடுத்து, வந்துருச்சு ஆச்சி என்றேன். "என்கிட்ட எதுக்குச் சொல்றீக? மேரிகிட்டச் சொல்லுங்க, அங்க காத்துக்கிட்டு இருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

சொக்கலிங்கம் அண்ணனின் செய்தி வந்த அன்று நான் மையத்துக்குள் போனபோது காலை செட்டு நடந்துகொண்டிருந்தது. சகாயமேரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சுவரில் சாய்ந்து அழுதார். வார்டில் ஏதோ ஒரு மெஷின் கூப்பிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். டேப்லெட்டில் எடையைப் பார்த்து, நீரின் அளவைச் சரிசெய்து, அந்த நாற்காலியில் இருந்த பெரியவரிடம் காலை நீட்டிக்கொள்ளச் சொன்னார்.

ஆச்சி சொன்னவற்றை நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக ஞாபகம் வைத்திருப்பீர்கள். அவ்வளவு பேசியிருக்கிறார். நான் வைத்துக்கொள்வது அவர் பேசாமல் இருந்த அந்தக் கார்த்திகைக் காலையை. நான் விஷயத்தைச் சொல்லி முடித்தபோதே அவருக்கு விடை தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கலாம். வலியோடு படுத்துக்கொண்டு, தெரிந்ததைச் சொல்லாமல், நான் கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.